பெருநாள் துவக்கில் எழுதியிருந்த பெயர்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் மட்டும் வாசியுங்கள். யாரையும் குத்திக்காட்ட எழுதவில்லை. அப்படிக் காட்டுவதென்றால் முதலில் என்னைத்தான் காட்ட வேண்டும்.

பெருநாளைக்கு அடுத்த நாள் முகநூலில் ஒரு படம் கண்ணில் பட்டது. என்னிடம் தரம் எட்டில் படிக்கிற பையன். புது ஜுப்பா, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. கையில் பெருநாள் காசில் வாங்கிய கறுப்பு பிளாஸ்டிக் துவக்கு. மஞ்சள் குண்டு போட்டுச் சுடுவார்களே, அது. அவனுடைய காக்கா போட்ட படம். இருநூற்றுச் சொச்சம் பேர் லைக் போட்டிருந்தார்கள். நானும் ஹார்ட் ஒன்று போட்டுவிட்டுப் போய்விட்டேன். நம்ம பிள்ளை, பெருநாள் சந்தோஷம், அவ்வளவுதான் நினைத்தேன்.

இரவு திரும்பவும் அந்தப் படம் வந்தது. இந்த முறை பெரிதாக்கிப் பார்த்தேன். துவக்கின் பக்கவாட்டில் வெள்ளை கரெக்ஷன் பேனாவால் எழுதியிருந்தான்: "பத்ர் 313". பிடிக்கு மேலே அரபியில் இரண்டு சொல். எழுத்து அழகு. வகுப்பில் அந்த அழகை நான் கண்டதில்லை.

எனக்கு முதலில் வந்தது பயம். 2019ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 21க்குப் பிறகு நாம் எப்படி இருந்தோம்? பெயர்ப்பலகைகளிலிருந்து அரபு எழுத்து போனது. வீட்டில் தேங்காய் வெட்டுகிற கத்தியைக்கூட எங்கே வைப்பது என்று யோசித்தோம். ஹசலக்கவில் ஒரு பெண்மணி கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பு உடுத்ததற்காக, அது தர்மச் சக்கரம் என்று சொல்லப் பிடித்துக்கொண்டு போனார்கள். சுக்கானுக்கே அந்தப் பாடு. அரபி எழுதிய கறுப்புத் துவக்கோடு காத்தான்குடிப் பையன் ஒருவனுடைய முகம் பப்ளிக்கில் கிடந்தால் என்ன ஆகும்? உடனே காக்காவுக்குப் போன் எடுத்தேன். "சின்னப் புள்ளட வெளையாட்டுச் சாமான்தானே சேர்" என்றார். ஆனாலும் என் குரலைக் கேட்டுப் படத்தை எடுத்துவிட்டார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி தரட்டும்.

அந்தப் பயத்தோடு விஷயம் முடிந்திருந்தால் இந்தப் பதிவு தேவையில்லை. படத்தை எடுத்த பிறகும் தூக்கம் வரவில்லை. கறுப்புத் துவக்கில் வெள்ளை எழுத்து, ஒரு யுத்தத்தின் பெயர், பக்கத்தில் ஓர் எண். இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று மனது அரித்தது.

கிறைஸ்ட்சர்ச். 2019 மார்ச் 15, ஜும்ஆ நேரம். நியூசிலாந்தில் அந்-நூர் பள்ளியிலும் லின்வுட் பள்ளியிலும் 51 பேரைக் கொன்றவன், தன்னுடைய துவக்குகளை இதே மாதிரித்தான் வெள்ளையால் எழுதி நிரப்பியிருந்தான். அவனுடைய பெயரை நான் எழுதமாட்டேன். அந்த நாட்டின் பிரதமராக இருந்த ஜெசிந்தா ஆர்டனும் சொல்லமாட்டேன் என்றுதான் சொன்னார். அவன் எழுதியிருந்ததில் பாதி என்னுடைய பாடம். நான் வரலாறு படிப்பிக்கிறவன். 732, 1683 என்று வருடங்கள், பழைய யுத்தங்களின் பெயர்கள், தளபதிகளின் பெயர்கள். முஸ்லிம்கள் ஐரோப்பாவில் தோற்ற இடங்களாகத் தேடித் தேடிப் பொறுக்கியிருந்தான். தாக்குதலுக்கு முன்பே அந்தத் துவக்குகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டும் இருந்தான்.

வாசலில் அவனைக் கண்ட ஒரு பெரியவர் "ஹலோ பிரதர்" என்று வரவேற்றார். துவக்கில் அவ்வளவு எழுதியிருந்தானே, அவர் அதில் ஒரு எழுத்தாவது வாசித்திருப்பாரா? உள்ளே ஸஃப்பில் இருந்தவர்கள், மூன்று வயதுக் குழந்தை உட்பட, ஒருவராவது வாசித்திருப்பார்களா?

இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. துவக்கில் எழுதுகிறவன் யாருக்கு எழுதுகிறான்?

இரண்டு மூன்று நாளாகத் தேடி வாசித்ததில் தெரிந்த சில விஷயங்களைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இது ஒரு வியாபாரம். துவக்கின் பாகங்களில் லேசரால் வாசகம் பொறித்து விற்கிறார்கள். ரவைக்கோது வெளியே தெறிக்கிற துவாரத்தை மூடுகிற சின்னத் தகடு ஒன்று இருக்கிறது. விரும்பிய வாசகத்தோடு அந்தத் தகட்டைத் தனியாக வாங்கலாம். அரிசோனாவில் மேசா என்கிற நகரம். 2016 ஜனவரியில் அங்கே ஒரு ஹோட்டலில் டானியல் ஷேவர் என்கிற 26 வயது இளைஞரைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. அவர் பூச்சி, பறவைத் தொல்லைகளை ஒழிக்கிற வேலை செய்தவர். வேலைக்கு வைத்திருந்த காற்றுத் துவக்கை அறையில் கூட இருந்தவர்களுக்குக் காட்டியிருக்கிறார். ஜன்னலில் துவக்கைக் கண்ட யாரோ பொலிஸுக்குச் சொல்லிவிட்டார்கள். சுடப்பட்டபோது கையில் ஒன்றும் இல்லை. தாழ்வாரத்தில் முழந்தாளில் ஊர்ந்துகொண்டு, சுடவேண்டாம் என்று அழுதுகொண்டிருந்தார். ஐந்து வேட்டு. சுட்ட பொலிஸ்காரரின் துவக்கிலிருந்த அந்தத் தகட்டில், இங்கே எழுத முடியாத ஒரு தூஷண வாசகம் பொறித்திருந்தது. மரியாதையாகச் சொன்னால் "உன் கதை முடிஞ்சுது".

அந்த வாசகத்தை ஜூரிக்குக் காட்ட நீதிபதி அனுமதிக்கவில்லை. 2017 டிசம்பரில் அந்தப் பொலிஸ்காரர் விடுதலையானார்.

சட்டம் தெரிந்தவர்கள் அதற்கு நியாயம் சொல்வார்கள். எப்போதோ பொறித்த வாசகம், சுட்ட நிமிடத்தில் அவர் என்ன நினைத்தார் என்பதற்குச் சாட்சியாகாது, ஜூரியின் மனதைக் கெடுத்துவிடும் என்று. எனக்கு மனது ஒப்பவில்லை. இருபது வருடமாகப் பிள்ளைகளின் மேசைகளையும் கொப்பிகளின் பின்பக்கங்களையும் வாசித்துக்கொண்டிருக்கிறவன் நான். பின்பக்கத்தில் எழுதியிருப்பது பிள்ளையைப் பற்றி முன்பக்கத்தைவிடக் கூடச் சொல்லும்.

கவனியுங்கள், அந்த வாசகத்தையும் ஷேவர் வாசித்திருக்க வாய்ப்பில்லை. துவக்கின் பக்கவாட்டில், அரை விரல் அகலத் தகட்டில் இருக்கிற எழுத்து. குழலுக்கு முன்னால் கிடக்கிறவனுக்கு அது தெரியாது. பக்கத்தில் நிற்கிற கூட்டாளிக்குத் தெரியும். அவன் சிரிப்பான். அதற்காகத்தான் பொறிப்பது என்பது என் கருத்து.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. கிரேக்கர்கள் கவணில் வைத்து எறிந்த ஈயக் குண்டுகளில் எழுத்து வார்த்திருக்கிறார்கள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிற ஒன்று ஏதென்ஸைச் சேர்ந்தது, கிட்டத்தட்ட 2,400 வருடம் பழையது. அதில் இருக்கிற ஒரே சொல்லுக்கு "பிடி" என்று அர்த்தம். 2025 செப்டெம்பரில் அமெரிக்காவின் யூட்டாவில் சார்லி கேர்க் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, கண்டெடுத்த தோட்டாக்களில் எழுதியிருந்ததை அந்த மாநில ஆளுநர் வாசித்துக் காட்டினார். ஒன்றில் "ஏய் பாசிஸ்ட், பிடி" என்று இருந்தது. இரண்டாயிரத்து நானூறு வருடத்தில் மனிதன் அந்த நக்கலில் ஒரு சொல்லைக்கூடப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 2024 டிசம்பரில் நியூயோர்க்கில் காப்புறுதிக் கம்பனித் தலைவர் ஒருவரைச் சுட்ட இடத்திலும் எழுத்துள்ள தோட்டாக்கள் கிடந்தன. உலகம் முழுக்க அதைப் பகிர்ந்தது. பனியனிலும் அடித்து விற்றார்கள்.

வேதமும் தப்பவில்லை. 2010 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. ட்ரிஜிகான் என்கிற அமெரிக்கக் கம்பனி இராணுவத்துக்குச் செய்துகொடுத்த குறிபார்க்கும் கண்ணாடிகளில், மொடல் இலக்கத்தின் வாலில் பைபிள் வசன இலக்கங்களைச் சேர்த்துப் பொறித்திருந்தது. யோவான் 8:12 மாதிரி. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முஸ்லிம்களைக் குறிபார்த்த கண்ணாடிகள் அவை. விஷயம் வெளியே வந்ததும் கம்பனி பொறிப்பதை நிறுத்தி, ஏற்கனவே உள்ளதை அழிக்கிற சாமானும் தருவதாக ஒப்புக்கொண்டது. அப்போது தங்கள் படையிடமிருந்த கண்ணாடிகளில் அதை அழிக்கிறோம் என்று சொன்ன நாடுகளில் நியூசிலாந்தும் ஒன்று. அங்கே இருக்கிற கிறிஸ்தவர்களிலும் பலருக்கு அது பிடிக்கவில்லை. தங்கள் வேதத்தை இப்படி உபயோகிப்பது அவர்களுக்கே அவமானமாக இருந்தது.

ஷெல்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. 2024 மே மாதம் ஐ.நாவுக்கான அமெரிக்காவின் முன்னாள் தூதர் நிக்கி ஹேலி இஸ்ரேலுக்குப் போய் ஷெல் ஒன்றில் "முடித்துவிடுங்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட படம் நம் எல்லோருக்கும் வந்தது. காஸாவில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்த நேரம். ஆனால் என்னை அதைவிட உலுக்கியது 2006 லெபனான் யுத்தத்தின்போது எடுத்த படம். கிர்யாத் ஷ்மோனாவுக்குப் பக்கத்தில், பாடசாலை வயதுப் பெண் பிள்ளைகள் குனிந்து நின்று பீரங்கி ஷெல்களில் மார்க்கரால் எழுதுகிறார்கள். பேனா பிடிக்கிற விதம், நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு கவனமாக எழுதுகிற விதம், அதெல்லாம் நான் தினமும் வகுப்பில் காண்கிற காட்சி. யாரோ ஒரு பெரியவர்தான் அந்தப் பேனாவைக் கொடுத்திருக்க வேண்டும். பெரியவர்கள் சுற்றிநின்று படமும் எடுத்தார்கள்.

இங்கேதான் எனக்கு என்னுடைய ஹார்ட் ஞாபகம் வந்தது.

அந்தப் பெண் பிள்ளைகளின் ஷெல்லையும் நம்ம பையனின் பிளாஸ்டிக் துவக்கையும் ஒன்றாக வைக்கிறேன் என்று யாரும் கோபப்படாதீர்கள். ஒன்று உண்மையிலேயே போய் விழுகிற ஷெல். மற்றது ஒரு கிழமையில் ஸ்பிரிங் உடையப்போகிற சாமான். பையனில் நான் எந்தக் குற்றமும் காணவில்லை. நோன்பு 17இல் பத்ர் பயான் கேட்டிருக்கிறான், மனதில் பதிந்திருக்கிறது. நான் ஒன்றாக வைப்பது சுற்றிநின்ற எங்களை. நாம் லைக் போட்டோம். நமக்குப் பிடித்தவர்கள் ரொக்கட்டில் எழுதினால் நாமும் "மாஷா அல்லாஹ்" என்று பகிர்கிறோம். என் டைம்லைனில் பார்த்திருக்கிறேன். உக்ரேன் யுத்தத்தில் பணம் அனுப்பினால் நாம் சொல்கிற வாசகத்தை ஷெல்லில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறார்கள். நம்மிடம் யாரும் பணம்கூடக் கேட்பதில்லை.

ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். "என்ன சேர், நம்ம ஆக்களும் வாளில் ஆயத்தே எழுதினவங்கதானே" என்றார். உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. இஸ்தான்புல் தொப்காப்பி அருங்காட்சியகத்தில் ஆயத்துப் பொறித்த வாள்கள் இருக்கின்றன. திப்பு சுல்தானின் பட்டறைகளில் செய்த துவக்குகளில் புலியும் புலிவரியும் எழுத்தும் உண்டு. பிரான்சின் பதினான்காம் லூயி தன் பீரங்கிகளில் "அரசர்களின் கடைசி வாதம்" என்று லத்தீனில் பொறித்தான். அவனாவது உண்மையை எழுதினான். ஒல்லாந்தர் 1765இல் கண்டியிலிருந்து எடுத்துப்போய் 2023இல் திருப்பித் தந்த பீரங்கியில் சூரியன், சந்திரன், சிங்கம். வேலைப்பாட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மன்னர்கள் செய்ததெல்லாம் மார்க்கமில்லை. பள்ளிக்குள்ளும் சந்தைக்குள்ளும் அம்போடு போகிறவர் யார்மீதும் பட்டுவிடாமல் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் படிப்பித்தார்கள். சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டவே கூடாது என்றும் சொன்னார்கள். ஆயுதத்தைப் பற்றி நமக்குப் படிப்பித்த ஒழுக்கம் அது.

ஒரு வரலாற்று ஆசிரியனாக எனக்கு இன்னொரு கவலை உண்டு. துவக்கில் இடம் குறைவு. ஒரு பெயரும் ஒரு வருடமும்தான் அடங்கும். அந்தக் கொலைகாரன் 1683 என்று எழுதினான். உஸ்மானியர் வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்ற வருடம். அந்த நகரத்தைக் காப்பாற்ற வந்த போலந்து மன்னர் சோபியெஸ்கியின் படையில் லிப்கா தாத்தார்கள் இருந்தார்கள். அவர்கள் முஸ்லிம்கள். உஸ்மானியரின் பக்கத்தில் தோகோலியின் தலைமையில் ஹங்கேரி நாட்டுக் கிறிஸ்தவர்கள் கூட்டாக நின்றார்கள். இதை எந்தத் துவக்கில் எழுதுவது? அமெரிக்கர்கள் துவக்கில் விரும்பிப் பொறிக்கிற ஒரு கிரேக்க வாசகம் இருக்கிறது, "வந்து எடுத்துக்கொள்" என்று. கி.மு. 480இல் ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொன்ன பாரசீக மன்னனுக்கு ஸ்பார்ட்டாவின் லியோனிடாஸ் சொன்ன பதிலாம். பாரசீகர்கள் வந்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். லியோனிடாஸ் அங்கேயே செத்தான். பொறிக்கிறவர்கள் அதைப் பொறிப்பதில்லை.

பையனின் வீடு என் தெருவுக்கு அடுத்த தெரு. அவனுடைய வாப்பாட வாப்பா 1990 ஆகஸ்ட் 3 இஷாத் தொழுகையில் ஷஹீதானவர். நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் ஸுஜூதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டார்கள். சுவரில் ரவை பட்ட ஓட்டைகளை இன்னும் அப்படியே வைத்திருக்கிறோம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் காட்டுகிறோம். அந்தத் துவக்குகளில் ஏதாவது எழுதியிருந்ததா? அந்தச் சுவரைப் பார்த்து யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. பிறகு 2019இல் நம்ம ஊரில் பிறந்த ஒருவன் கெமராவுக்கு முன்னால் மார்க்கத்தின் வார்த்தைகளைச் சொல்லிவிட்டுப் போய், பெருநாள் உடுப்போடு தேவாலயத்துக்கு வந்த பிள்ளைகள் சாகக் காரணமானான். அவன் சொன்ன வார்த்தைகளும் செத்தவர்களுக்கானவை அல்ல. எங்களைப் பார்க்கவைக்கத்தான்.

போன வெள்ளி அஸர் தொழுதுவிட்டு அவனுடைய வீட்டுக்குப் போனேன். உம்மா தேத்தண்ணி தந்தார். பையன் பயந்துபோய்க் கதவோரம் நின்றான். துவக்கைப் பற்றி நான் கதை எடுக்கவில்லை.

"மகன், பத்ர்ல என்ன நடந்த?"

"நம்மட ஆக்கள் 313 பேர் சேர். அங்கால ஆயிரம் பேர். நாம வெண்ட."

"பொறகு?"

"பொறகு உஹது."

"ரெண்டுக்கும் நடுவுல?"

தெரியவில்லை. கைதிகளைப் பற்றிச் சொன்னேன். பத்ரில் எழுபது பேரளவில் கைதியானார்கள், காசு கட்டியவர்களை விட்டார்கள், காசில்லாமல் எழுத வாசிக்கத் தெரிந்தவர்களிடம் மதீனாவின் பத்துப் பிள்ளைகளுக்கு எழுதப் படிப்பித்துவிட்டுப் போகச் சொன்னார்கள் என்று ஸீரா நூல்களில் இருப்பதைச் சொன்னேன்.

கொஞ்சநேரம் யோசித்தான். "அவங்க நம்மளக் கொல்ல வந்தவங்கதானே சேர்?"

"ஓம்."

"அவங்களா நம்மட புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுத்த?"

"ஓம்."

"அடிச்சாங்களா சேர்?"

நானும் அவனுடைய உம்மாவும் சிரித்துவிட்டோம். அவன் சிரிக்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டான். நான் எழும்பும்போது உள்ளே போய்த் துவக்கை எடுத்துவந்து காட்டினான். எழுத்தை நகத்தால் சுரண்டியிருந்தான். காக்கா சொன்னதாம். "313" போய்விட்டது, "பத்ர்" பாதி மிச்சம். நல்ல எழுத்து மகன், திங்கட்கிழமை வகுப்புச் சுவர்ப் பத்திரிகைக்குத் தலைப்பு எழுத வா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு வேண்டுகோள். காக்கா எடுக்குமுன் யாரோ ஸ்கிரீன்ஷொட் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படம் நம்ம ஊர் வட்ஸ்அப் குழுமங்கள் இரண்டில் இன்னும் சுற்றுகிறது. உங்களிடம் இருந்தால் அழித்துவிடுங்கள். உங்களுக்கு அனுப்பியவரிடமும் சொல்லுங்கள். பையனின் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது.